ஆழமும் தேதியும் இல்லாத மண் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்வளம் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பலவும் ‘இது செம்மண், பி.எச். 7.8, உப்பு குறைவு’ என்று ஒரே வரியில் மண்ணை அறிமுகம் செய்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரியை நம்பி மரக்கன்று நடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாசனக் குழாய் பதிக்கிறவர்களும் வீட்டுக்கு அடித்தளம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வரியில் என்னென்ன விடுபடுகின்றன என்பதை விளக்கவே இக்கடிதம். ஆய்வக எண்ணில் பெரும்பாலும் தவறு இருப்பதில்லை. எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், சரிவின் எந்த இடத்தில், எந்த முறையில் எடுத்த எண் என்று சொல்லாமல் விடுவதே தவறு.

மண் என்பது பையில் கட்டிக் கொண்டுவரும் ஒரு கிலோ பொடி அல்ல. காலநிலை, உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், மூலப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து மண்ணை உருவாக்குகின்றன என்று 1941-இல் ஹான்ஸ் ஜென்னி வகுத்துச் சொன்னார். அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் தொகுச்சயேவ் இதே வழியில் மண்ணைப் பார்த்தவர். பொடியைச் சோதித்தால் இந்த ஐந்தின் விளைவு மட்டும் தெரியும். காரணம் நிலத்தில்தான் இருக்கிறது.

முதல் வேலை குழி. ஆள் இறங்கி நிற்கும் அகலத்தில், ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு, அல்லது பாறை தட்டும்வரை தோண்ட வேண்டும். வெயில் படும் சுவரைச் சீவி, நிறமும் கட்டமைப்பும் எங்கே மாறுகின்றன என்று பார்த்து அடுக்கு பிரிக்க வேண்டும். 15 செ.மீ.க்கு ஒன்று என அளவுகோல் வைத்து வெட்டினால், 12 செ.மீ. மேல்மண்ணும் அதன்கீழ் உள்ள களி அடுக்கும் ஒரே பையில் கலந்து, நிலத்தில் எங்குமே இல்லாத ஒரு மண்ணுக்கு அறிக்கை வரும். மாதிரியைக் கீழ் அடுக்கிலிருந்து மேல்நோக்கி எடுப்பது நல்லது. மேலிருந்து தொடங்கினால் உதிரும் மண் கீழ் அடுக்கில் கலந்துவிடும். நிழலில் காயவைக்க வேண்டும். அடுப்பில் சூடேற்றினால் பொட்டாசியம், மாங்கனீசு அளவுகள் மாறிவிடும்.

நிறத்தை மன்செல் அட்டையோடு (மண் நிறங்களைக் குறியீட்டோடு அச்சிட்ட ஒப்பீட்டு அட்டை) ஒப்பிட்டு, மண் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா என்றும் சேர்த்து எழுத வேண்டும். ஒரே கட்டி காய்ந்தால் வெளிறும். ‘கருப்பு’, ‘சிவப்பு’ என்று மட்டும் எழுதுவது போதாது. கருமை நிறம் மட்கு, அதாவது மக்கிய கரிமப்பொருள், மிகுந்திருப்பதாலும் வரலாம், வீங்கும் களியோடு பிணைந்த மிகச் சிறிதளவு கரிமத்தாலும் வரலாம். இவ்விரண்டுக்கும் உர நிர்வாகம் ஒன்றல்ல.

இனி ஆய்வகம். மண் நயத்தைச் சொல்லும்போது மணல், வண்டல், களி மூன்றின் சதவீதத்தோடு எல்லை எது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க முறையில் 0.05 மி.மீ.க்குக் கீழே வண்டல் தொடங்குகிறது. பன்னாட்டு முறையில் 0.02 மி.மீ.க்குக் கீழே. இடைப்பட்ட துகள் ஒன்றில் வண்டல், மற்றொன்றில் நுண்மணல். ஒரே மண் இரு அறிக்கைகளில் இரு பெயர் பெறுவதற்கு இதுவே போதும். மண்ணை நீரில் கலக்கி, துகள் படியப்படியக் கலவையின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் முறையில் 2 மணி நேரத்தில் களியைப் படித்துவிடும் பழக்கமும் உண்டு. 0.002 மி.மீ. துகள் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 செ.மீ. இறங்கவே ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். 2 மணி நேரக் கணக்கில் நுண்வண்டலும் களியாகச் சேர்ந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இரும்பு ஆக்சைடு பிணைத்த சிவப்பு மண்ணில் களி முழுதாகப் பிரியாமல், பொய் மணலாக எண்ணப்படும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 1500 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் நிற்கும் ஈரச் சதவீதத்தை, அதாவது பயிர் உறிஞ்ச முடியாமல் வாடிவிடும் வாடல் நிலையை, களிச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். பொதுவாக 0.4 ஒட்டி வரும். 0.6-ஐத் தாண்டினால் அந்த மாதிரியில் களி சரியாகப் பிரியவில்லை என்று சந்தேகிக்கலாம்.

எவ்வளவு களி என்பதைவிட என்ன களி என்பது முக்கியம். நேர் அயனிப் பரிமாற்றத் திறனையும் (கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகளை மண் பிடித்துவைக்கும் அளவு) களியையும் சேர்த்துப் படித்தால் அது தெரியும். 50 சதம் களி உள்ள மண்ணில் இத்திறன் கிலோவுக்கு 45 சென்டிமோல் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ களிக்கு 90. அது வீங்கிச் சுருங்கும் ஸ்மெக்டைட். அதே 50 சதம் களிக்கு 6 மட்டுமே வந்தால், ஒரு கிலோ களிக்கு 12, அது கேயோலினைட். (மட்கின் பங்கும் இதில் உண்டு என்பதால் மேல்மண்ணைவிட அடிமண்ணில் இந்தக் கணக்கு நம்பகமானது.) முதல் மண்ணில் கோடையில் வெடிப்பு விடும், சுவர் விரிசல் காணும், குழாய் இணைப்பு விலகும், குழியின் அடிமண்ணில் ஒன்றோடொன்று உராய்ந்து பளபளக்கும் சாய்ந்த முகங்கள் தெரியும். இரண்டாவது மண் அசையாது. ஆனால் போட்ட உரத்தைப் பிடித்துவைக்காது. ‘களிமண்’ என்ற ஒரே பெயர் இரண்டையும் மூடிவிடுகிறது.

அடுத்து, பெரும்பாலும் மறந்துபோகும் சரளை. ஆய்வகத்தில் 2 மி.மீ. சல்லடையில் தங்கும் கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைத்தான் சோதிக்கிறார்கள். நிலத்தில் கல் அப்படியே இருக்கிறது. ஒரு மணற்பாங்கான மண்ணின் வயல் கொள்திறன் (மிகுநீர் வடிந்த பின் மண்ணில் தங்கும் ஈரம்) 14 சதம், வாடல் நிலை 6 சதம், பரும அடர்த்தி (துளைகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர்மண்ணின் எடை) 1.5 என்று கொள்வோம். 60 செ.மீ. ஆழத்துக்குப் பயிருக்குக் கிடைக்கும் நீர் 72 மி.மீ. அதே அடுக்கின் கன அளவில் 40 சதம் சரளை என்றால், 43 மி.மீ. மட்டுமே. களி 55 சதம் உள்ள மண்ணில் 36 சதமும் 22 சதமும், அடர்த்தி 1.3 என்று எடுத்தால், 109 மி.மீ. நாளொன்றுக்கு 5 மி.மீ. செலவாகும் வெயிலில் சரளை மண் ஒன்பது நாள்கூடத் தாங்காது. களி ஏறத்தாழ 22 நாள் தாங்கும். மழைக்கு மழை இடைவெளி எவ்வளவு என்பதோடு இதை வைத்துப் பார்த்தால்தான் ‘வறட்சியைத் தாங்கும் மண்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

உப்புக் கணக்கில்தான் அதிகமாக ஏமாறுகிறோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உவர் மண் என்பதற்குச் சொல்லப்படும் வரம்பு, மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் மின் கடத்துத்திறன். அது நிறைசெறிவுக் குழம்பிலிருந்து (துளைகள் நிறையும்வரை மட்டும் நீர் விட்டுக் குழைத்த மண்) பிழிந்தெடுத்த நீருக்கு உரிய எண். வேலை எளிதாக இருக்கவே பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலக்கின்றன. களிமண்ணின் 100 கிராம் குழம்பாக ஏறத்தாழ 70 கிராம் நீர் பிடிக்கும்; ஒன்றுக்கு ஐந்தில் 500 கிராம் நீர். ஏழு மடங்கு நீர்த்துப்போகிறது. குழம்பில் 4 ஆக இருந்தது இங்கே 0.6-க்கும் கீழே வரும். 30 கிராம் நீரே பிடிக்கும் மணல் மண்ணில் அது 0.24 தான். முறை பெயர் இல்லாமல் ‘0.6’ என்று அச்சிட்டால், படிப்பவர் நல்ல மண் என்று நினைத்து அவரை விதைக்கிறார். அவரை போன்ற பயறு இனங்களில் சில, குழம்பு அளவில் 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். பார்லி 8 வரை தாங்கும். நீர்த்த அளவை மடங்கால் பெருக்கிக் குழம்பு அளவைக் கண்டுபிடிக்கலாமே என்றால், ஜிப்சம் இருக்கும் மண்ணில் அந்தப் பெருக்கல் கணக்கும் உதவாது. நீர் கூடக்கூட ஜிப்சம் மேலும் கரையும். பெருக்கினால் இல்லாத உப்பைக் காட்டும்.

களர் வேறு, உவர் வேறு. உவரில் கரையும் உப்பு மிகுதி; களரில் களியோடு ஒட்டிய சோடியம் மிகுதி. களரை அறிய சோடியம் ஈர்ப்பு விகிதம் வேண்டும்: சோடியத்தை, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கூட்டுத்தொகையில் பாதியின் வர்க்கமூலத்தால் வகுப்பது. லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் சோடியம் 30, மற்ற இரண்டும் சேர்ந்து 8 என்றால், விகிதம் 15. வரம்பு 13. இப்படிப்பட்ட மண்ணில் உப்பும் சேர்ந்து இருக்கும்வரை களி திரண்டே கிடக்கும், தண்ணீரும் இறங்கும். நல்ல மழை பெய்து உப்பு கழுவப்பட்ட பின் சோடியம் ஏறிய களி சிதறி, துளைகளை அடைத்து, மேலே ஓடு கட்டும். கால்சியம் கொடுக்காமல் வெறும் நல்ல நீர் பாய்ச்சிக் கழுவினால் நிலம் கெடுவது இதனால்தான். ஜிப்சத்தை முதலில் கலந்து, வடிகால் வெட்டி, பிறகே கழுவ வேண்டும்.

உப்பு எண்ணுக்குத் தேதி கட்டாயம். கோடைக் கடைசியில் மேல் சில செ.மீ.க்குள் வந்து குவியும் உப்பு, பெருமழைக்குப் பின் அரை மீட்டர் கீழே போய்விடும். நிலத்தடி நீர் ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் நின்றால் நுண்துளைகள் வழியே மீண்டும் ஏறும். ஆகவே நீர்மட்டம் இல்லாத உப்பு அறிக்கை பாதி அறிக்கை. நீர்மட்டத்தையும் தோண்டிய அன்றே அளந்துவிடக் கூடாது. களியில் நீர் மெதுவாக ஊறும். அன்று வறண்ட குழி மறுநாள் நீர் காட்டலாம். துளையிட்ட குழாய் இறக்கி, குறைந்தது ஓராண்டு, இரு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முழு நீளமும் துளையுள்ள குழாயும் அடியில் மட்டும் துளையுள்ள குழாயும் அருகருகே வைத்தால், இறுகிய அடுக்கின் மேல் தங்கி நிற்கும் நீரையும் உண்மையான நிலத்தடி நீரையும் பிரித்தறியலாம். சாம்பல் புள்ளிகளும் துருப் புள்ளிகளும் நீர் நின்றதற்குச் சாட்சிதான்; ஆனால் வடிகால் வெட்டிப் பல ஆண்டு கழித்தும் அவை மறையாது.

வெடிக்கும் மண்ணில் நீர் இறங்கும் வேகத்தைக் காய்ந்தபோது ஒருமுறை, நனைந்து வெடிப்பு மூடிய பின் ஒருமுறை என இருமுறை அளக்க வேண்டும். முதல் எண் வெடிப்பின் வேகம், மண்ணுடையது அல்ல.

காலநிலைக்கு ஆண்டு மழை அளவு போதாது. மாதவாரி மழையும் மாதவாரி ஆவியாதல் அளவும் அருகருகே வேண்டும். மழை மிஞ்சும் மாதங்கள் பல இருந்தால் கால்சியம் கழுவப்பட்டு மண் அமிலமாகும். ஆவியாதல் மிஞ்சினால் குறிப்பிட்ட ஆழத்தில் சுண்ணாம்புக் கட்டியான சுக்கான் கல் திரளும். மழைமானி மலையடிவாரத்திலும் நிலம் மேட்டிலும் இருந்தால் உயர வித்தியாசத்தையும் எழுதுங்கள்.

நிலத்தோற்றம்தான் இவற்றையெல்லாம் இணைக்கும் கயிறு. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1930-களில் ஜெஃப்ரி மில்ன் கண்டதுபோல, ஒரே பாறைமேல் மேட்டில் சிவப்பும் பள்ளத்தில் கருப்பும் அமையும். மேட்டிலிருந்து கரைந்த சிலிக்காவும் கால்சியமும் மக்னீசியமும் கீழே வடிந்து சேர்ந்து, அங்கே வீங்கும் களியாகின்றன. மேலே கேயோலினைட், கீழே ஸ்மெக்டைட். இடையே நடந்தால் சில நூறு அடி. அந்தச் சரிவின் உச்சி, தோள், நடு, அடிவாரம் ஆகியவற்றில் குழி எங்கே என்று எழுதாவிட்டால் எண் எந்த மண்ணுடையது என்றே தெரியாது. சரிவைச் சதவீதத்தில் சொல்கிறோமா, பாகையிலா என்பதும் வேண்டும்: 10 சதம் என்றால் 5.7 பாகை, 10 பாகை என்றால் 17.6 சதம்.

சராசரியும் இங்கே தீங்கு செய்யும். மேட்டில் பி.எச். 5.5, பள்ளத்தில் 8.5, சராசரி 7. நடுநிலை மண் என்று அறிக்கை சொல்லும். மேட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும், பள்ளத்துக்கு ஜிப்சம் வேண்டியிருக்கலாம். சராசரியை நம்பியவர் இரண்டையும் போடமாட்டார். எனவே ஒரு மண்வகைக்கு மாதிரிக் குழி ஒன்றின் முழு விவரமும், சுற்றிலும் போட்ட துளைகளில் கண்ட குறைந்த, உயர்ந்த அளவுகளும் சேர்ந்தே வர வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். மண் பற்றிய கட்டுரையில் எந்த எண் வந்தாலும் அதன் பக்கத்தில் ஆழம், மாதிரி எடுத்த மாதம், சரிவில் இடம், சோதித்த முறை ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். உப்பு எண் என்றால் நீர்மட்டத்தையும், நீர்க் கொள்ளளவு என்றால் சரளைச் சதவீதத்தையும் கூடுதலாகச் சேருங்கள். எழுதியவரிடம் இவை இல்லையென்றால், எண்ணை விட்டுவிட்டுக் குழியில் கண்ணால் கண்டதை மட்டும் போடலாம்.

இப்படிக்கு,
மண் ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்கள்