ஷார்ட்ஸ் போடலாமா என்று கேட்டாயே, மலர்விழி

அன்புள்ள மலர்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கொஞ்ச நாளைக்குக் குனிந்து எதையும் தூக்க விடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். காலியான அவன் அறையை ஓவிய வகுப்புகளைப் படம்பிடிக்க நான் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. வலக்கையால் வரைகிறவளுக்குக் கையின் நிழல் தாளில் விழாத அறை கிடைப்பது பெரிய விஷயம்.

சனிக்கோளின் வளையம் பற்றிய உன் 25 நிமிட வீடியோவை ஆற அமரப் பார்த்தேன். 2025இல் அந்த வளையம் ஏன் ஊசி போல மெலிந்துவிட்டது, சூரியனைச் சுற்றிவரச் சனிக்கு ஏறக்குறைய 29 ஆண்டுகள் ஆவதற்கும் 15 ஆண்டுக்கு ஒருமுறை வளையம் நம் கண்ணுக்கு மறைவதற்கும் என்ன தொடர்பு என்று நீ விளக்கிய விதத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. இவ்வளவு நல்ல வேலைக்கு வரும் கூட்டம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது எனக்கும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. யூடியூபில் ஷார்ட்ஸ் எனப்படும் குட்டிச் செங்குத்து வீடியோக்களைப் போடலாமா, போட்டால் உன் வானியல் சேனலின் தரம் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறாய்.

தாராளமாகப் போடு. நீளம் குறைந்தால் ஆழமும் குறைந்துவிடும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2005 ஏப்ரலில் யூடியூபில் ஏறிய முதல் வீடியோவே 19 நொடிதான். குறுகிய வீடியோ எப்போதும் இருந்திருக்கிறது. அதற்கென்று, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் தனி ஓடை வந்ததுதான் புதிது. ஆனால் போடத் தொடங்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்: உன் ஷார்ட்ஸைப் பார்க்க நிற்கிறவரும், உன் 25 நிமிட வீடியோவுக்கு உட்காரப் போகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒன்றில் அடங்கிவிடும். இதை விட்டுவிட்டுப் பார்வை எண்ணிக்கையை மட்டும் துரத்தினால், எண்ணிக்கை வரும், ஆள் வரமாட்டார்.

என் சேனலில் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். எது எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகவே இரண்டு வகை ஷார்ட்ஸை அடுத்தடுத்துப் போட்டேன். முதல் வகையில், கரித்துண்டால் ஒரு முதியவரின் முகத்தை வரைவதை வேகமாக ஓடவிட்டேன். வெள்ளைத் தாளில் தொடங்கி அரை நிமிடத்தில் முகம் எழுந்துவிடும்; பின்னால் இசை. பார்வைகள் மளமளவென்று ஏறின. ‘அருமை’, ‘அபாரம்’ என்று கருத்துகள் குவிந்தன. அவர்களில் பாடம் பக்கம் வந்தவர் அநேகமாக யாரும் இல்லை. அவர்கள் வரையக் கற்க வந்தவர்கள் அல்லர். வரைவதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் என் பாடத்தில் அவர்களுக்கு வேலையில்லை.

இரண்டாவது வகையில் இசையே இல்லை. தாளில் ஒரு முட்டை வடிவம் வரைகிறேன். ‘தலை இதுதான் என்றால் கண்ணை எங்கே வைப்பீர்கள்?’ என்று கேட்கிறேன். கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வைக்கிற இடத்தில், அதாவது மேலே நெற்றிக்குப் பக்கத்தில், கண்களைப் போடுகிறேன். முகம் விகாரமாகிறது. பிறகு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, உச்சந்தலையிலிருந்து கண் வரை, கண்ணிலிருந்து மோவாய் வரை என்று ஒரு புகைப்படத்தில் அளந்து காட்டுகிறேன். இரண்டும் ஏறக்குறையச் சமம். கண்கள் தலையின் நடுக்கோட்டில் இருக்கின்றன. அதே முட்டை வடிவத்தில் கண்களைக் கீழே இறக்கியதும் முகம் சரியாகிவிடுகிறது. அவ்வளவுதான் வீடியோ. முதல் வகைக்கு வந்த கூட்டத்தில் இதற்கு வந்தது சிறு பங்குதான். ஆனால் வந்தவர்கள் நேராகத் தலையின் அளவுகள் பற்றிய நீளப் பாடத்துக்குப் போனார்கள். ‘பக்கவாட்டு முகத்துக்கும் இதே கணக்குதானா?’, ‘குழந்தைகளுக்குக் கண் இன்னும் கீழேயா?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி லட்சம் ‘அருமை’களால் உண்டாகாது.

இதை உன் வானத்துக்குப் பொருத்திப் பார். நிலாவைப் பெரிதாக்கிக் காட்டும் அரை நிமிடக் காட்சிக்கு உலகமே வாய் பிளக்கும். ஆனால் அந்தக் கூட்டம் உனக்கு நிலைக்காது. உன் பழைய வீடியோ ஒன்றில், தொலைநோக்கியில் வெள்ளிக்கோள் பிறையாகத் தெரியும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து தொடங்கு. முதல் காட்சியிலேயே பிறை. உன் குரல், ‘இது நிலா இல்லை, வெள்ளி’. உடனே இருட்டறையில் ஒரு விளக்கும் ஒரு பந்தும். பந்து விளக்குக்கும் கேமராவுக்கும் இடையே வரும்போது பிறை, விளக்குக்கு அப்பால் போகும்போது முழு வட்டம். ஒளி எந்தப் பக்கம் விழுகிறது, நாம் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதில் விஷயம் முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்: 1610இல் கலிலியோ இதைப் பார்க்கத் தொடங்கினார், வெள்ளி பூமியைச் சுற்றுவதாகச் சொன்ன பழைய கணக்கில் அந்த முழு வட்டத்துக்கு இடமே இல்லை. ஏன் இல்லை என்பதை உன் நீள வீடியோ சொல்லட்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, ஷார்ட்ஸ் தானாகவே நிறைவாக இருப்பது. கேட்ட கேள்விக்கு விடை முழுதாகக் கிடைத்துவிடுகிறது, அந்த விடையிலிருந்தே அடுத்த கேள்வி முளைக்கிறது. பலர் செய்வது வேறு. நீள வீடியோவில் ஒரு துண்டை வெட்டி, முக்கியமான இடத்தில் நிறுத்தி, ‘மீதியை அங்கே போய்ப் பாருங்கள்’ என்கிறார்கள். பாதியில் விடப்பட்டவர் எரிச்சலோடுதான் போவார். வாசலில் எட்டிப் பார்த்தவருக்கு முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால்தானே அவர் உள்ளே வந்து உட்காருவார்?

முதல் இரண்டு நொடிகளைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பேன். வணக்கம் வேண்டாம், சேனல் பெயர் வேண்டாம், உன் அழகான சின்னமும் வேண்டாம். ஓடையில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு நீ யார் என்பது இன்னும் பொருட்டில்லை. கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் பொருட்டு. நின்று பார்த்தவர்கள் எத்தனை சதவீதம், தள்ளிவிட்டுப் போனவர்கள் எத்தனை சதவீதம் என்பதை, சேனல் நடத்துகிறவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கம் ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் காட்டும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பார்வை எண்ணிக்கையை இப்போது அப்படியே நம்பவும் முடியாது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், ஒரு பார்வையாகக் கணக்கிடுகிறார்கள். உண்மையில் நின்று பார்த்தவர்களின் கணக்கு ஸ்டுடியோவில் தனியாக இருக்கிறது. வருமானத்துக்கும், அதைப் பெறும் தகுதிக்கும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். யாராவது பெரிய எண்ணைச் சொல்லி உன்னை மலைக்க வைத்தால் இதை நினைத்துக்கொள்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலோ கருத்துப் பகுதியிலோ இணைப்பைப் போட்டால் அதைத் தொட்டுத் திறக்க முடியாது. 2023 ஆகஸ்ட் இறுதியிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஷார்ட்ஸைப் பதிவேற்றிய பிறகு ஸ்டுடியோவில் ‘தொடர்புடைய வீடியோ’ என்ற இடத்தில் உன் நீள வீடியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ஷார்ட்ஸின் அடியிலேயே அதன் தலைப்பு தெரியும். ஒரு தொடுதலில் போய்விடலாம். ஒரு ஷார்ட்ஸுக்கு ஒரே நீள வீடியோ, அதுவும் அதே கேள்வியைத் தொடர்கிற வீடியோ. வெள்ளியின் பிறையைப் பார்த்தவரைச் சனியின் வளையத்துக்கு அனுப்பாதே.

படம்பிடிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உனக்கே கை வந்த கலை. அகல வீடியோவின் இரு பக்கத்தையும் வெட்டிச் செங்குத்தாக்குவதைவிட, செங்குத்தாகவே புதிதாக எடு. தொலைநோக்கியில் தெரியும் வட்டம் செங்குத்துச் சட்டத்தில் அழகாக உட்காரும். மேலும் கீழும் எழுத்துக்கு இடம் கிடைக்கும். வலப்பக்கப் பொத்தான்களும் அடியில் தலைப்பும் மறைக்கிற இடத்தில் மட்டும் எழுத்தை வைக்காதே. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம் என்றாலும் நீ ஒரு நிமிடத்தைத் தாண்டாதே. தாண்டி, அதில் யாராவது உரிமை கோரிய இசையும் இருந்தால் அந்த வீடியோவையே முடக்கிவிடுவார்கள். உன் குரல் இருக்கும்போது இசை எதற்கு?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். போட்டால் தவறில்லை. வேறு செயலியின் முத்திரை தெரியும் வீடியோக்களைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று அவர்கள் 2021இலேயே அறிவித்துவிட்டார்கள். அதனால் முத்திரை இல்லாத மூலக் கோப்பையே ஏற்று. ஆனால் அங்கே பார்த்தவர் அந்தச் செயலியை மூடிவிட்டு யூடியூபுக்கு வந்து உன்னைத் தேட வேண்டும். அவ்வளவு சிரமப்படுகிறவர்கள் குறைவு. உனக்கு இருக்கிற நேரத்தை, பாலம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிற இடத்தில் செலவழிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சேனல் கெட்டுவிடுமா என்ற உன் அச்சத்துக்கு வருகிறேன். ஷார்ட்ஸுக்கும் நீள வீடியோவுக்கும் பரிந்துரைகள் தனித்தனியாக இயங்குகின்றன என்று யூடியூப் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஓடாத ஒரு ஷார்ட்ஸ் உன் நீள வீடியோவை இழுத்துக் கீழே தள்ளாது. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஷார்ட்ஸால் சந்தாதாரர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும், நீள வீடியோவின் பார்வையோ அசையாது. அப்போது உனக்கு மனம் சோர்ந்துபோகும். ‘இவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது’ என்று நீள வீடியோக்களையே குறைத்துவிடுவாய். அதை மட்டும் செய்யாதே, மலர். சந்தாதாரர் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஸ்டுடியோவின் பார்வையாளர்கள் பகுதியில், திரும்பத் திரும்ப வருகிறவர்களின் கணக்கைப் பார். அது மெல்ல ஏறினாலும் நாம் சரியான வழியில் இருக்கிறோம் என்று பொருள்.

வருமானம் உன் கவலை இல்லை என்று தெரியும், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள். விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களோடு, ஓர் ஆண்டில் 4,000 மணிநேரப் பார்வை அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. அந்தக் கணக்கிலும் உன்னைக் கரை சேர்க்கப் போவது நீள வீடியோதான்.

வைன் நினைவிருக்கிறதா? 2013இல் வந்து, 6 நொடி வீடியோக்களால் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட செயலி. 2016 அக்டோபரில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். தங்களைப் பார்த்தவர்களை அதற்குள் யூடியூபுக்கு அழைத்து வந்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களின் கூட்டம் கலைந்துபோனது. ஷார்ட்ஸுக்கும் அந்தக் கதி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரிந்துரை விதிகளும் எண்ணும் முறையும் இந்தச் சில ஆண்டுகளிலேயே எத்தனை முறை மாறிவிட்டன! மாறாமல் உன்னிடம் இருக்கப் போவது அந்த நீள வீடியோக்களும், அவற்றுக்காகத் திரும்பி வருகிறவர்களும்தான்.

உனக்கு மற்றவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு: வானம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகஸ்ட் நடுவில் பெர்சியட் எரிகல் மழை, டிசம்பர் நடுவில் ஜெமினிட். ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் பழைய வீடியோ இருக்கிறது. நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்னால் புதிய ஷார்ட்ஸ் ஒன்றைப் போட்டு அந்தப் பழைய வீடியோவோடு இணைத்துவிடு. ‘இரவு எத்தனை மணிக்குப் பார்ப்பது, நிலா வெளிச்சம் தொந்தரவு செய்யுமா’ என்று அப்போது தேடுகிறவர்கள்தான் நாம் முன்னே சொன்ன அந்த ஒரே ஆள். புதிதாக நீள வீடியோ எடுக்க நேரமில்லாத மாதங்களிலும் சேனல் உயிரோடு இருக்கும்.

கத்தாதே, கை தட்டாதே, மற்றவர்களைப் போல மூச்சு விடாமல் பேசாதே. வியாழனின் நிலா ஒன்று நிழலிலிருந்து வெளிவரும் வரை நீ பேசாமல் காத்திருப்பாயே, அந்த நிதானத்துக்காகத்தான் என்னைப் போன்றவர்கள் உன்னிடம் வருகிறோம். ஒரு நிமிடத்திலும் இரண்டு நொடி அமைதிக்கு இடம் வைக்கலாம்.

வாரம் ஒன்று போதும். முதலில் வெள்ளி, பிறகு சனியின் வளையம், பிறகு நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவது ஏன் என்பது. மூன்றுக்கும் நீ பேசப்போகும் வரிகளை எழுதி அனுப்பு, படம்பிடிக்கும் முன் பார்த்துவிடுகிறேன். வெள்ளிக்கு விளக்கும் பந்தும் வைக்கும் காட்சியில் நிழல் சரியாக விழ வேண்டும். அந்த ஓவியக்காரி வேலையை என்னிடம் விடு, எங்கே வைப்பது என்று வரைந்தே அனுப்புகிறேன். அம்மாவுக்குக் கட்டு பிரித்ததும் இரண்டு வரி எழுது.

அன்புடன்,
பூங்கோதை