ஆலோசனை வேறு, கவுன்சிலிங் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்த வாசகருக்கு டாக்டர் பொறுமையாகவே பதில் சொல்லியிருந்தார். இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தால் பதற்ற நோயாக இருக்கலாம் என்று விளக்கிவிட்டு, 'தகுந்த உளவியல் ஆலோசனை பெறவும்' என்று முடித்திருந்தார். எனக்குக் குறை அந்தக் கடைசி வரியோடுதான். நாலு வருடத்துக்கு முன்னால் இதே வரியைச் சீட்டில் எழுதி என் கையிலும் கொடுத்தார்கள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் சும்மா இருந்தேன்.

ஆலோசனைக்கா எனக்குப் பஞ்சம்? "ஆம்பளைக்கு என்னடா பயம், தைரியமா இரு" என்றார் சித்தப்பா. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். மேனேஜர் யோகா வகுப்புக்கு வழி சொன்னார். டீக்கடைக்காரர்கூட, "கேஸ்தானுங்க, வெறும் வயித்துல சீரகத் தண்ணி குடிங்க" என்றார். இத்தனை பேர் இலவசமாகத் தருவதை இன்னொருவரிடம் போய் உட்கார்ந்து வாங்குவானேன் என்றுதான் நினைத்தேன்.

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். வயது 51. ஒருநாள் கோயமுத்தூர் பஸ்ஸில் காங்கேயம் தாண்டும்போது நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனி மரத்தது, கண் இருட்டியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசிஜி எடுத்தார்கள். "ஒண்ணுமில்லை" என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். அடுத்த நாலு மாதத்தில் இன்னும் இரண்டு முறை, வேறு வேறு ஆஸ்பத்திரி, அதே 'ஒண்ணுமில்லை'. (நெஞ்சு வலிக்கு முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.) ஆனால் அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இல்லை. இவர்களுக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்றே பட்டது. பஸ் ஏறுவதை விட்டேன். கல்யாண மண்டபத்தில் வாசலோரம்தான் உட்காருவேன். கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, கூடவே நாலாக மடித்த இசிஜி ஜெராக்ஸ். எங்காவது விழுந்துவிட்டால் தூக்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று!

கடைசியில் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், மதுரையில் 'கவுன்சிலிங் சென்டர்' என்று போர்டு மாட்டியிருந்த ஓர் இடத்துக்குப் போனேன். மூன்று முறை போனதில் 'பாசிட்டிவாக யோசியுங்கள்' என்ற சொற்பொழிவுதான் கிடைத்தது. சித்தப்பாவே தேவலை என்று திரும்பிவிட்டேன். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், மனநல மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு அங்கிருந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். பேச்சு வழியாகவே சிகிச்சை தருகிற உளவியல் நிபுணர் அவர், என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். முதல் நாள் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியாமல் இருந்தீர்கள் என்பது போன்ற கேள்விகள். மொத்தம் 21க்கு நான் 16. பத்தைத் தொட்டாலே கவனித்துப் பார்க்க வேண்டுமாம்.

"அது வரும்போது என்ன ஆகும்னு தோணுது சார்?"

"செத்துருவேன்னு தோணும்மா."

"அந்த நேரத்துல அதை எவ்வளவு நம்புவீங்க, நூத்துக்கு?"

"தொண்ணூறு."

எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். தைரியமாக இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

மூன்றாவது தடவை போனபோது, "ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு விடலாமா சார், நானும் கூட விடுறேன்" என்றார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துருத்தி மாதிரி மூச்சு விட்டோம். முக்கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது, விரல் நுனி மரத்தது, தலை சுற்றியது, நெஞ்சு திம் திம்மென்று அடித்தது. "பஸ்ல வந்தது இதுதானா?" என்று கேட்டார். இதேதான். என் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் வருவதுதான் இந்த மரத்துப்போதலும் கிறுகிறுப்பும் என்றார். உடம்பு சும்மா ஒரு மணி அடிக்கிறது, நான் அதை மாரடைப்பு என்று படிக்கிறேன், அந்தப் பயத்தில் மணி இன்னும் வேகமாக அடிக்கிறது. மூன்று ஆஸ்பத்திரிகள் சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது, ஏனென்றால் அந்தப் படபடப்பை நானே வரவழைத்து நானே போகவும் பார்த்தேன்.

அப்புறம் பாட்டில், மாத்திரை, ஜெராக்ஸ். ஒவ்வொரு முறை பிழைத்து வீடு திரும்பும்போதும் 'நல்லவேளை, பாட்டில் இருந்தது' என்று நினைக்கிறீர்கள், வரவு தப்பான பேரில் ஏறுகிறது சார் என்றார். கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட விளக்கமாக யார் சொல்ல முடியும்?

வீட்டுப்பாடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில். முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸில் ஏறிப் பத்து நிமிஷம் உட்கார்ந்து இறங்க வேண்டும். அடுத்து க.பரமத்தி வரை. பிறகு தென்னிலை. வெள்ளகோயில் போன அன்று நடுவழியில் வந்துவிட்டது. இறங்கக் கூடாது, மணி பார்த்து எழுத வேண்டும் என்பது உத்தரவு. 11.10க்கு வந்தது 11.22க்கு அடங்கியது. கைநடுக்கத்தோடு நான் எழுதிய அந்த இரண்டு நேரங்களும் இன்னும் நோட்டில் கோணலாக இருக்கின்றன. இசிஜி ஜெராக்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

ஒரு நாள் மனைவியையும் அழைத்து வரச் சொன்னார். மணிக்கொரு தரம் போன் செய்து, "என்னங்க, ஒண்ணுமில்லையே?" என்று கேட்பது அவள் வழக்கம். அந்தக் கேள்வியே எனக்கு ஞாபகப்படுத்துகிறது என்று புரிய வைத்து, போனைக் குறைக்கச் சொன்னார். என்னைவிட அவளுக்குத்தான் அது பெரிய பரீட்சை.

மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள், மூன்றரை மாதம். கடைசியில் அதே ஏழு கேள்வித் தாளில் 6 வாங்கினேன். அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கம்பத்தை அமராவதி ஆற்றில் விடுகிற அன்று, கூட்டத்தின் நடுவில் ஒரு தரம் எட்டிப் பார்த்தது. நான் நகரவில்லை, கம்பம் ஆற்றில் போவதைப் பார்த்துவிட்டே வந்தேன்.

இதற்கு சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி), அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை என்று பெயராம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கி வைத்த முறை. இலங்கையில் கவுன்சிலிங்கை உளவளத்துணை என்கிறார்கள், நம்மூரிலும் சிலர் ஆற்றுப்படுத்துதல் என்று எழுதுகிறார்கள். ஆலோசனை என்ற சொல்லைவிட இரண்டுமே எவ்வளவோ மேல். பரிசு பெற்று வருகிற பாணன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வதைத்தானே நம் ஆட்கள் ஆற்றுப்படை என்றார்கள்?

எல்லாருக்கும் பேச்சு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையும் சேர்த்து எடுத்துக் குணமானவர்களைத் தெரியும். பழைய சீட்டைக் காட்டி, உடனே அமைதிப்படுத்தும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி வாங்கி அதற்கே அடிமையானவர்களையும் தெரியும்.

பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்று தெரிந்தது. அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பேர் வருவார்கள் என்பது என் நம்பிக்கை. காசும் ஒரு தடைதான். உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. கவுன்சிலிங்குக்கு யாரும் படுப்பதில்லையே!

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த வரியை அச்சிடும்போது பக்கத்தில் 14416 என்ற எண்ணையும் போடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி அது, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறவரிடம், அவர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில் தந்த பதிவு எண்ணைக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், என்னைப் போல மூன்று சொற்பொழிவு கேட்டு யாரும் திரும்ப வேண்டியிருக்காது.

இவ்வளவு எழுதிவிட்டு இதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரைப் போட வேண்டாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கரூர்.