போறவருக்கு எவ்வளவு குடுத்தீங்க? எங்களுக்குச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவுல பினாங்குல ஒரு அரசாங்க இலாகாவுல கணக்குப் பிரிவு கிராணியா, அதாவது கிளார்க்கா, 31 வருஷம் இருந்தவன். இப்ப பென்ஷன் வாங்கிட்டு பட்டர்வொர்த்ல இருக்கேன். கடைசி 12 வருஷமும் என் மேசைக்கு வந்தது ஒரே மாதிரி ஃபைல்தான், ரிட்டையர் ஆகிப் போறவங்களுக்கு என்ன வரணும்னு கணக்குப் போடறது.

போன வாரம் பசியாற உட்கார்ந்த இடத்துல பழைய கூட்டாளிங்க ஒரு விஷயம் பேசிக்கிட்டிருந்தாங்க. பொதுப்பணத்துல நடக்கற ஒரு அமைப்புல பெரிய பதவியில இருந்தவர் கான்ட்ராக்ட் முடியறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே கிளம்பிட்டாராம், கையில ஒரு தொகை குடுத்துதான் அனுப்புனாங்களாம், எவ்வளவுன்னு கேட்டா ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாச்சு வெளிய சொல்ல முடியாதுன்னு பதில் வந்துச்சாம். எந்த இடம்னு நான் இங்க எழுதல. ஒரு இடத்தோட நிக்கற விஷயமா இருந்தா இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன்.

சாதாரண அரசாங்க ஊழியர் ஒருத்தர் போறப்ப என்ன நடக்கும்னு முதல்ல சொல்லிடறேன். பென்ஷன் ஃபார்முலா யார் வேணும்னாலும் போட்டுப் பார்க்கலாம். கடைசி சம்பளத்தை வேலை செஞ்ச மாசங்களோட பெருக்கி 600ஆல வகுக்கணும், 360 மாசத்துக்கு மேல எண்ண மாட்டாங்க. 4,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துல 30 வருஷம் முடிச்சவருக்கு மாசம் 2,400 வெள்ளி. கிராஜுவிட்டி, அதாவது போறப்ப மொத்தமா குடுக்கற பணிக்கொடை, ஒரு மாச சேவைக்கு கடைசி சம்பளத்துல 7.5 விழுக்காடு, அதே ஆளுக்கு 108,000 வெள்ளி. எடுக்காம சேர்த்து வச்ச லீவுக்கு ஒரு நாளைக்கு மாச சம்பளத்துல 30ல ஒரு பங்கு, அதுக்கும் இத்தனை நாள்தான்னு ஒரு வரம்பு இருக்கு. இதுக்கு மேல ஒரு காசு போட எனக்கும் அதிகாரம் இல்ல, என் பாஸுக்கும் இல்ல, அவருக்கு மேல இருந்தவருக்கும் இல்ல.

எங்க ஆஃபீஸ்ல ஒரு பியூன் இருந்தாரு, எல்லாருக்கும் அண்ணன். அவர் ரிட்டையர் ஆகறப்ப ஃபைல திருப்பிப் பார்த்தா பல வருஷம் முன்னாடி யாரோ செஞ்ச தப்புல அவருக்கு சில மாசம் அலவன்ஸ் கூடுதலா போயிருக்கு. அதை கிராஜுவிட்டியில கழிக்கச் சொல்லி மேல இருந்து ஆர்டர் வந்துருச்சு. அண்ணன் அக்காவையும் கூட்டிக்கிட்டு வந்து என் மேசைக்கு எதிர்ல உட்கார்ந்து, "தம்பி, கழிக்கறது கழிச்சுக்கோ, ஏன்னு மட்டும் எனக்குக் காட்டு"ன்னு சொன்னாரு. ஒவ்வொரு வரியா விரல் வச்சு காட்டினேன், அவர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் கையெழுத்து போட்டாரு. சில நூறு வெள்ளிக்கு அன்னிக்கு இவ்வளவு கணக்கு காட்டியிருக்கோம். அதே பொதுப்பணத்துல எத்தனையோ மடங்கு பெரிய தொகை போறப்ப வரியும் கிடையாது விரலும் கிடையாதுன்னா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

போறவர் மேல எனக்கு பொறாமை இல்லங்க. அவர் சேர்த்து வச்ச லீவு, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி), கான்ட்ராக்ட்ல ஏற்கனவே எழுதியிருக்கற நோட்டீஸ் சம்பளம், இதெல்லாம் அவர் உழைச்ச காசு, அதுல கை வைக்கக்கூடாது. நான் கேக்கறது அதுக்கு மேல குடுக்கறதப் பத்தி, சட்டமும் சொல்லாம கான்ட்ராக்ட்லயும் இல்லாம ஒரு ரூமுக்குள்ள உட்கார்ந்து பேசி முடிவு பண்ணற தொகை. இந்த ரெண்டையும் ஒரே மொத்தமா ஆக்கி செட்டில்மெண்ட்னு ஒரு வார்த்தையில முடிச்சிடறாங்க, அப்ப எது உழைச்சது எது கூடுதலா குடுத்ததுன்னு வெளிய இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு. அந்த ஆள் தப்பு செஞ்சிருந்தா எதுக்கு காசு குடுக்கணும், தப்பே செய்யலன்னா எதுக்கு பாதியில அனுப்பணும்? ரெண்டுல எதுவா இருந்தாலும் ஜனங்களுக்கு சொல்ல வேண்டிய விஷயம்தான் அது. கீழ் மட்டத்துல ஒரு டிரைவர் டிசிப்ளின் கேஸ்ல டிஸ்மிஸ் ஆனா பென்ஷன் போச்சு, கிராஜுவிட்டி போச்சு, நானே அந்த மாதிரி ஃபைல மூடி வச்சிருக்கேன், அவர் சம்சாரம் கவுண்டர்ல நின்னு அழுதது இன்னும் கண்ணுல இருக்கு. மேல் மட்டத்துல இருக்கறவருக்கு மட்டும் விசாரணைக்குப் பதிலா பேச்சுவார்த்தைன்னா அது எந்த ரூல்ல இருக்குன்னு காட்டுங்க. விசாரணை நடந்து அவர் மேல தப்பில்லன்னு வந்தா அதையும் சொல்லுங்க, அது அவர் பேருக்கும் நல்லதுதானே, ஒண்ணும் சொல்லாம மூடி வச்சா ஊர் வாய் என்ன வேணும்னாலும் பேசும்.

பக்கத்து வீட்டு தம்பி பிறை தொழிற்பேட்டையில ஒரு ஃபேக்டரியில 14 வருஷம் இருந்தான், ஃபேக்டரி மூடிட்டாங்க. 1980ஆம் வருஷத்து வேலைநீக்க இழப்பீட்டு விதிமுறைப்படி 2 வருஷத்துக்குள்ள இருந்தவங்களுக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், 2ல இருந்து 5 வருஷத்துக்குள்ளன்னா 15 நாள், 5க்கு மேலன்னா 20 நாள். அவனுக்கு 280 நாள் சம்பளம் வந்துச்சு. 7 நாளுக்குள்ள குடுக்கணும், எப்படி கணக்குப் போட்டோம்னு எழுத்துலயும் குடுக்கணும், அதுவும் அந்த விதியிலயே இருக்கு. தனியார் முதலாளி தன் சொந்தப் பணத்தக் குடுக்கறப்பவே கணக்க எழுதிக் காட்டணும்னு சட்டம் போட்டு வச்சிருக்கற நாடு இது.

இரகசியம்னு சொல்றவங்க உடனே 1972ஆம் வருஷத்து அதிகாரத்துவ இரகசியச் சட்டத்த இழுப்பாங்க. மந்திரி சபை, மாநில ஆட்சிக்குழு பேப்பரெல்லாம் அதுக்குள்ள வருது, உண்மைதான். ஆனா இரகசியம்னு வச்ச பேப்பர இரகசியம் இல்லன்னு எடுக்கற அதிகாரமும் அதே சட்டத்துல 2சி பிரிவுல இருக்கு, மனசு வச்சா முடியும். நம்ம பினாங்கு சட்டமன்றமே தகவல் சுதந்திரச் சட்டம் பாஸ் பண்ணிச்சு, சிலாங்கூரும் பண்ணிச்சு. ஆனா அதெல்லாம் மாநில இலாகா, ஊராட்சி மன்றத்தோட நின்னுருது, மத்திய அரசாங்க அமைப்புன்னா அந்த மாநிலச் சட்டம் செல்லாது. ஆடிட் ரிப்போர்ட் இருக்கேன்னு சிலர் சொல்றாங்க, 1957ஆம் வருஷத்து ஆடிட் சட்டத்த 2024ல திருத்தி அரசாங்க கியாரண்டி வாங்கற கம்பெனிங்க கணக்கையும் தலைமைக் கணக்காய்வாளர் பார்க்கலாம்னு ஆக்குனாங்க, நான் மனசார வரவேற்கறேன். ஆனா ஆடிட் வந்து பார்க்கறது காசு போனதுக்கு அப்புறம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேள்வி கேக்க ஒரு வழி வேணும்.

இங்கிலாந்துல 2022ல ஊராட்சி மன்றங்களுக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க. சட்டப்படி வர வேண்டியதுக்கு மேல 100,000 பவுண்டுக்கு அதிகமா குடுத்து யாரையாவது அனுப்பணும்னா முழு கவுன்சிலும் உட்கார்ந்து ஓட்டு போடணும்னு அதுல இருக்கு. 20,000 பவுண்ட தாண்டினாலே தலைமை அதிகாரியும் கவுன்சில் தலைவரும் ஒப்புதல் குடுத்து யார் குடுத்தாங்கன்னு பதிவு பண்ணி வைக்கணும். அங்க கவுன்சிலர ஜனங்க ஓட்டு போட்டு வைக்கறாங்க, பிடிக்கலன்னா அடுத்த தடவ மாத்திடலாம். நமக்கு ஊராட்சித் தேர்தல 1965லயே நிறுத்தி வச்சிட்டாங்க, கவுன்சிலர்ங்க நியமனத்துலதான் வர்றாங்க. ஓட்டு இல்லாத எங்களுக்கு கணக்காவது முழுசா காட்ட வேண்டாமா? 1976ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டப்படி முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்ததுதான், மன்றமே தீர்மானம் போட்டு மூடினாத்தான் உண்டு. அந்தக் கூட்டத்துல இந்தத் தொகைய வைக்க எந்தப் புது சட்டமும் வேண்டாம்.

வீட்டுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊராட்சி மன்றத்தோட வீட்டு வரி, அதாவது அசெஸ்மெண்ட் பில் வருது, பிப்ரவரி கடைசிக்குள்ள ஒண்ணு, ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஒண்ணு, தவறினா அபராதம். வாசல்ல இட்லி வித்து வாழற அக்காவும் அதைக் கட்டறாங்க, நானும் கட்டறேன். அதனால எங்க ஏரியா சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இந்தப் பத்திரிகை மூலமா கேக்கறேன். அடுத்த கூட்டத்துல எழுத்துல கேள்வி போடுங்க. கடந்த 5 வருஷத்துல பொதுப்பணத்துல நடக்கற அமைப்புங்கள்ல இருந்து கான்ட்ராக்ட் முடியாம போன மேல் அதிகாரிங்க எத்தனை பேர், சட்டப்படி வர வேண்டியது எவ்வளவு, அதுக்கு மேல குடுத்தது எவ்வளவு, எந்த பட்ஜெட் ஒதுக்கீட்டுல இருந்து எடுத்தாங்க, ஒப்புதல் கையெழுத்து யாரோடது. பேரு கூட வேண்டாம், பதவியும் தொகையும் போதும். இனிமே போடற கான்ட்ராக்ட்ல, குடுக்கற தொகைய வெளிய சொல்லக்கூடாதுங்கற வரி இருக்கவே கூடாதுன்னும் கேளுங்க.

பதில் வந்தா தயவு செஞ்சு உங்க பத்திரிகையில முழுசா போடுங்க. கணக்கு சரியா இருக்கான்னு வரி வரியா பார்த்துச் சொல்ல நான் இருக்கேன், எங்க காலத்து கிராணிங்க இன்னும் நாலஞ்சு பேரும் இருக்காங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவு கிராணி,
பட்டர்வொர்த், பினாங்கு.