கட்டைவிரலால் ஒரு கடிதம்

குன்னூர்
ஜனவரி 18, ஞாயிறு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வரவில்லையே என்று கேட்பதற்காக எழுதவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய், சரி. அம்மாதான் மூன்று நாளும் உன் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்தாள்.

இதை நீ விட்டுப்போன பழைய போனில் அடிக்கிறேன். வியாழக்கிழமை பொங்கல் பானையை இறக்கிய கையோடு ஆரம்பித்தது, இன்றைக்கு நாலாவது நாள். முப்பத்தொரு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டைப் சொல்லிக்கொடுத்தவன், இப்போது கோழி கொத்துகிற மாதிரி ஒற்றைக் கட்டைவிரலால் கொத்திக்கொண்டிருக்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

குளிர் இந்த வருடம் கொஞ்சம் கடுமை. தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தால்தான் உருகுகிறது. விரல் நுனி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. காய்ந்த விரலை இந்தப் போன் கண்ணாடி சில நேரம் கண்டுகொள்வதே இல்லை. விரலில் இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரத்தை வைத்துத்தான் அது தொடுகையை உணர்கிறதாம், ரீசார்ஜ் கடைப் பையன் சொன்னான். கம்பளிக் கையுறை போட்டால் சுத்தமாக வேலை செய்யாது. எண்ணெய் தடவிக்கொண்டு வந்தால் வழுக்குகிறது. காலையில் வாசலில் நின்று அடித்தால் மூடுபனி ஈரம் படிந்து, நான் தொடாத எழுத்தெல்லாம் தானாக விழுகிறது. பதினொரு மணிக்கு மேல் திண்ணையில் வெயில் விழும்போதுதான் இந்த வேலை நடக்கிறது.

மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமே என்பாய். தெரியும், செய்து பார்த்தேன், நன்றாகத்தான் எழுதுகிறது. ஆனால் இந்த வீட்டில் சமையலறைக்குக் கேட்காமல் எதைச் சொல்ல முடியும்? அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. தெரிய வேண்டாம்.

டைப் மெஷினில் விரல் உட்காருவதற்கு ஓர் இடம் உண்டு. ஏ எஸ் டி எஃப், இந்தப் பக்கம் செமிகோலன் எல் கே ஜே. கைமேல் துணியை மூடி உன்னை அடிக்க வைத்திருக்கிறேன். இந்தக் கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண் பார்க்காமல் விரலுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வேகத்தை விட்டுவிட்டேன். நகம் காட்டுகிற இடத்தில் எழுத்து விழும் என்று நினைக்கிறோம், உண்மையில் படுவது விரலின் சதை, அது கொஞ்சம் கீழே. ஆகவே எழுத்தின் தலையைக் குறிபார்த்து அடிக்கிறேன். செட்டிங்கில் போய்க் கீபோர்டின் உயரத்தைக் கூட்டிக்கொண்டேன். போனைப் படுக்க வைத்தால் எழுத்து பெரிதாகிறது, ஆனால் எழுதினது மறைந்துவிடுகிறது, அது சரிப்படவில்லை. ஸ்பேஸ் பட்டையை அமுக்கியபடியே விரலை இடமும் வலமும் இழுத்தால் கர்சர் ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக நகர்கிறதே, உனக்குத் தெரியுமா? யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். அதுவரை வரியின் நடுவில் ஒரு பிழை என்றால், பாதி வரியை அழித்துவிட்டுத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் 99 என்கிற கீபோர்டு முறையைத்தான் முதலில் வைத்தேன். 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி முடிவு செய்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. க-வை இரண்டு தரம் அடித்தால் முதல் க-வுக்கு அதுவே புள்ளி வைத்துவிடும். பெரிய கீபோர்டில் அதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் உள்ளங்கை அகலத்தில் நெருக்கியடித்து நின்றால் என் விரலில் இரண்டு எழுத்தாக மாட்டுகிறது. அதனால் மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த செல்லினம் என்கிற ஆப்பை ஏற்றி, இங்கிலீஷ் எழுத்தை அடித்தால் தமிழாக விழுகிற அஞ்சல் முறைக்கு மாறிவிட்டேன். இங்கிலீஷ் எழுத்து 26தான், கட்டம் கொஞ்சம் அகலம். ரெமிங்டன் மெஷினில் கொம்பை முதலில் அடித்து, அப்புறம் க-வை அடித்த கை இது. இங்கே முதலில் க, பிறகுதான் கொம்பு, பின்னால் அடித்தது குதித்து முன்னால் போய் நிற்கிறது. அது மட்டும் இன்னும் பழகவில்லை. மற்றபடி எளிதுதான். சின்ன எல் அடித்தால் ல, பெரிய எல் அடித்தால் ள, இசட் அடித்தால் ழ. ழ-வுக்கு ஒரே தட்டு.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீயும் தமிழிலேயே அடி. போன நவம்பரில் அடைமழைச் செய்தியைப் பார்த்துவிட்டு இங்கிலீஷ் எழுத்தில் 'அங்க மலை எப்படி இருக்கு' என்று கேட்டாய். இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. மழைக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாமல் குன்னூரில் ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது என்று அம்மாகூடச் சிரித்தாள்.

இங்கிலீஷ் டைப்பிங் ஹையர் தேர்வை முதல் வகுப்பில் பாஸ் செய்தவள் நீ. நிமிடத்துக்கு 45 வார்த்தை. அந்த சர்டிஃபிகேட்டை நகல் எடுத்து இன்ஸ்டிடியூட் சுவரில் மாட்டி, சேர வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினேன். அந்தக் கை இப்போது எனக்கு 'கே' என்று ஓர் எழுத்து அனுப்புகிறது. முன்னால் இருக்கிற 'ஓ'வை அடிக்கக்கூட நேரமில்லை. வேலை அப்படி, புரிகிறது. ஆபீசில் உன்னை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது என்று மாப்பிள்ளை தீபாவளிக்குச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவரிடமே சொல்லவில்லை. ஆனாலும் 'கே' என்ன, கண்ணு?

எதிர்வீட்டுப் பையனுக்கு அருவங்காட்டில் வேலை கிடைத்துவிட்டது. சித்தி வந்தாள், மறுபடியும் பழைய விஷயத்தையே எடுத்தாள், அம்மா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேறு விசேஷம் இல்லை.

எனக்கு ஒரு மணிக்கு மேல் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். போனை எடுத்து உன் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று பச்சையில் வரும். நிற்கும். மறுபடி வரும். அரை மணி நேரம்கூட அப்படி நடந்திருக்கிறது. காலையில் பார்த்தால் ஒரு குட் மார்னிங் பூ. முப்பத்தொரு வருடம் பிள்ளைகள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். வேகம் வராமல் நிற்கிற கை வேறு, அடித்து அடித்து அழிக்கிற கை வேறு.

போன ஞாயிறு இரவு மணி 2.10. தலையணை பக்கத்தில் போன் எரிந்தது. கண்ணாடி போடாமலே மேலே வந்த வரியைப் படித்தேன். 'அப்பா எனக்கு' என்று இருந்தது. அதற்குப் பிறகு வி, ஏ, எல், ஐ. அவ்வளவுதான். கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஆகிவிட்டது. நான் உள்ளே போய்த் திறக்கவில்லை, நீல டிக் விழுந்திருக்காது, அப்பா பார்க்கவில்லை என்றே நினைத்திருப்பாய். அனுப்புகிற பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது. எனக்கும் பாதியில் போய்விடும்.

ஏழு நாளாக அந்த நாலு எழுத்தோடுதான் இருக்கிறேன். நீ ழ-வுக்கும் எல் போடுகிறவள். வலியா, வழியா? வலி என்றால் எங்கே? வழி என்றால் எதற்கு? திங்கள்கிழமை போன் செய்தேன். குட்டி என்ன செய்கிறான் என்று கேட்டேன். தூங்குகிறான் என்றாய். குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. வெந்நீர் குடி என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன கேட்பது, அம்மா பக்கத்தில் நின்றாள்.

தமிழில் அடித்திருந்தால் தெரிந்திருக்குமே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. செல்லினத்தை ஏற்றிக்கொள், இசட் அடித்தால் ழ என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். நேற்று ராத்திரி இன்னொன்று ஞாபகம் வந்தது.

கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன முதல் வருடம் நீ எனக்குத் தமிழில் ஒரு கடிதம் போட்டாய். மூன்று தாள், இரண்டு பக்கமும். நான் இன்ஸ்டிடியூட்டில் மாதிரித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன், கையில் சிவப்புப் பேனா. அதே பேனாவால் உன் கடிதத்தையும் திருத்தினேன். சுழித்து, ஓரத்தில் சரியான எழுத்தைப் போட்டு, கடைசியில் 17 என்று எழுதி, மறு தபாலில் உனக்கே அனுப்பினேன். வேடிக்கைக்குச் செய்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வேடிக்கை ஒன்றும் இல்லை. மாஸ்டர் மகள் இப்படி எழுதுகிறாளே என்று வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நீ எனக்குத் தமிழில் ஒரு வரி எழுதவில்லை. அதை நான் இத்தனை வருடம் கவனிக்கவும் இல்லை. பதினேழு பிழை என்பது ஞாபகம் இருக்கிறது. எங்கெங்கே ஒற்று விட்டிருந்தாய் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த ஆறு பக்கத்தில் நீ என்ன சொல்லியிருந்தாய் என்பது மட்டும் ஒரு வரிகூட நினைவில் இல்லை, கண்ணு. உனக்கு அங்கே என்ன கஷ்டம் இருந்தது? எடுத்துப் படிக்கலாம் என்றால் தாள் என்னிடம் இல்லை. நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேனே.

இந்தக் கடிதத்தை மறுபடி படிக்கப் போவதில்லை. படித்தால் திருத்துவேன், திருத்த ஆரம்பித்தால் அனுப்ப மாட்டேன்.

போன ஞாயிறு ராத்திரியே கிளம்பியிருப்பேன். பந்திப்பூர் காட்டுப் பாதையை இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டால் எத்தனை மணிக்குப் பெங்களூர் என்று படுத்தபடியே கணக்குப் போட்டேன். அப்புறம் விடிந்தது, நீ பூ அனுப்பினாய், நான் சும்மா இருந்துவிட்டேன்.

எதில் வேண்டுமானாலும் அடி. முழு வரி வேண்டாம். ல அல்லது ழ, ஒற்றை எழுத்து போதும். ழ என்றால் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். ல என்றாலும் அதே பஸ்தான்.

அப்பா