வில் வேலையில் இருக்கிறது

தக்கலை
தை 24

அன்புள்ள மக்களே,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லாமல் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். இரண்டு நாள் யோசித்தேன், உன் மாமாவிடமும் பேசினேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வில்லுப்பாட்டுக் கண்காட்சி, அதன் பொறுப்பு உனக்கு என்று கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அப்பா, உன் பாட்டா, இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

நீ கேட்டது பாட்டாவின் வில்லை. அதை அனுப்ப முடியாது மக்களே. உன் அத்தான் அதை வைத்துத்தான் பாடுகிறான். பங்குனியில் மட்டும் ஆறு கோயில் கொடைவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான். மாமாவிடம் கேட்டபோது, "வில்லு வேலையில இருக்குல்லா அக்கா, எப்படிக் குடுக்க?" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் வில் இல்லாமலே நீ நல்லபடியாகச் செய்ய முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. நீ பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஒரு கல்லூரி நூலகத்தில் கிராமியக் கலைப்பொருள் கண்காட்சி என்று வந்து இதே வில்லைக் கேட்டார்கள். பாட்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து, மணிகளைப் புளி போட்டு விளக்கி, தன் கையாலேயே வேனில் ஏற்றிவிட்டார். திறப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் வில்லைச் சுவரில் செங்குத்தாக ஆணியில் மாட்டியிருந்தார்கள், ராமர் படத்தில் இருக்கிற மாதிரி. நாண் தளர்ந்து தொங்கியது. குடம் வேறொரு மூலையில் சட்டி பானைகளோடு இருந்தது. நாணைத் தட்டுகிற வீசுகோல் இரண்டும் மேஜையில், 'இசைக்கருவி' என்ற அட்டையோடு கிடந்தன. பாட்டா சத்தம் போடவில்லை. அங்கே நின்ற பையனிடம், "தம்பி, இதை இறக்கிக் குடத்தில் வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். விழா முடியட்டும் என்றான். விழா முடிந்தது, வந்தவர்கள் வடையும் காப்பியும் சாப்பிட்டுப் போனார்கள், வில் சுவரிலேயே இருந்தது. பஸ்ஸில் தக்கலை வந்து இறங்கும்வரை பாட்டா ஒரு வார்த்தை பேசவில்லை. கண்காட்சி முடிந்து வில் வீட்டுக்கு வந்தபோது மணியில் இரண்டைக் காணோம். எதையும் எழுதி வாங்காமல் கொடுத்திருந்தோம், யாரிடம் போய்க் கேட்பது?

அதனால்தான் நீ அனுப்பிய இரவல் படிவத்தை வரி விடாமல் படித்தேன். பொருள் எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் திரும்புகிறது என்று படம் பிடித்து எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுவது நல்ல முறை. ஓலையிலும் பழைய தாளிலும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்று நீ சொன்னதையும் மாமாவிடம் சொன்னேன். "நம்ம வீட்டு மச்சு அறையும் அப்படித்தானே இருட்டா இருக்கும்" என்றார். வில்லுப்பாட்டு ஏடுகளை அங்கேதான் பாட்டா வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் புல்தைலம் தடவி, நிழலில் காயவைத்து, திரும்பக் கட்டி வைப்பார். அந்த மணம் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

வில் இருக்க வேண்டிய விதம் இதுதான். குடத்தை வைக்கோல் புரியில் உட்காரவைக்க வேண்டும். வில்லின் முதுகு குடத்தின் கழுத்தில் படிந்து, அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும். நாண் மேல்பக்கம். தலைமைப் பாடகரான அண்ணாவி நாணுக்கு முன்னால் உட்கார்ந்து வீசுகோலால் தட்டும்போது, வில்லில் தொங்கும் மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். குடக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பாளையில் செய்த பத்தியால் குடத்தின் வாயில் அடிப்பார். அந்தச் சத்தம் காதில் கேட்பதைவிட வயிற்றில் கேட்கும். உடுக்கையும் தாளமும் கட்டையும் அந்தந்த இடத்தில். அத்தானை ஒரு நாள் எல்லாவற்றையும் விரித்து வைக்கச் சொல்லி, முழு அளவில் அச்சடிக்கிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அந்தப் படத்தைப் பின்னால் வைத்து, முன்னால் பாட்டாவின் பழைய வீசுகோல் ஜோடியை வை. அதை நான் தருகிறேன். கைப்பிடியில் அவர் கட்டைவிரல் படிந்து தேய்ந்த பள்ளம் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்கிறவர் கண்ணில் படும்படி திருப்பி வை. புதிதாக வார்னிஷ் எதுவும் அடிக்க யாரையும் விடாதே.

ஏட்டில் இரண்டு ஓலை மட்டும் தருகிறேன், மாமா சம்மதித்துவிட்டார். ஆனால் ஓலையைத் தனியாக வைத்தால் அது அழகான பழைய பொருளாக மட்டும்தான் தெரியும். பக்கத்திலேயே பாட்டா அந்த ஓலையைப் பார்த்து எழுதிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வை. ஓலையில் புள்ளி கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகரக் குறில் நெடிலுக்கும் ஒகரக் குறில் நெடிலுக்கும் வித்தியாசம் தெரியாது. கொடை என்று எழுதினாலும் கோடை என்று எழுதினாலும் ஓலையில் ஒரே எழுத்துதான். பாட்டுத் தெரிந்தவர் வாய்விட்டுப் படித்தால்தான் எது என்று விளங்கும். பாட்டா ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் ஓலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாடிப் பாடித்தான் நோட்டில் எழுதினார். நான் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக் கேட்டுக்கொண்டே தூங்குவேன். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வார்த்தையைக் காட்டு, கொடை, கோடை. தமிழ் தெரியாதவருக்கும் புரிந்துவிடும்.

கொடை நோட்டீஸ்களையும் மறக்காதே. மஞ்சளும் ரோஸுமாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்களே, அதில் ஒரு கட்டு சேர்த்து வைத்திருக்கிறேன். இத்தனை மணிக்கு வில்லிசை, இத்தனை மணிக்கு அலங்கார தீபாராதனை, மறுநாள் பொங்கல், மஞ்சள் நீராட்டு என்று எல்லாம் இருக்கும். அதைக் குப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு அடித்தளமான தொகுப்பு, கோட்டையூரில் ஒரு தனி மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது. அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கியதால்தான் 1994இல் அந்த நூலகம் உருவானது. உனக்குத் தெரியாததா? இருந்தாலும் உன் மேலதிகாரி நோட்டீஸ் எதற்கு என்று கேட்டால் சொல்வதற்கு ஆகும்.

இனி நீ அனுப்பிய விளக்க அட்டை. 'தென்னிந்தியாவின் அழிந்துவரும் நாட்டுப்புறக் கலை' என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். படித்ததும் மனசு வலித்தது. அழிந்துவருகிறது என்றால் உன் அத்தான் பங்குனியில் எதைப் பாடப்போகிறான்? இப்போது பெண்கள் முன்னால் உட்கார்ந்து நடத்துகிற குழுக்கள் எத்தனை! என் காலத்தில் என்னை வில்லுக்குப் பக்கத்தில் உட்காரவிடவில்லை. எனக்கு மூன்று கதை முழுவதும் பாடமாகத் தெரியும். பாட்டாவுக்கும் அது தெரியும். ஆனாலும் கோயில் முற்றத்தில் நான் பெண்கள் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். போன சித்திரையில் ஒரு கொடையில் இருபது வயதுப் பெண் வீசுகோலை உயர்த்திக் காப்புப் பாடியதைக் கேட்டு நான் அழுதேன். அந்த வரியை எடுத்துவிடு.

அதற்குப் பதிலாக, யாருடைய கதையைப் பாடுகிறோம் என்று எழுது. சாஸ்தா, பத்திரகாளி போன்ற தெய்வங்களின் கதைகள் உண்டு. அவற்றைவிட என் நெஞ்சில் நிற்பவை வெட்டுப்பட்ட வாதைகளின், அதாவது கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின், கதைகள். சாதி மாறிக் கல்யாணம் செய்து, மாட்டைக் காக்கப்போய்ச் செத்த முத்துப்பட்டன். கணியாகுளத்தில் மதுரை நாயக்கர் படையோடு போரிட்டு விழுந்த இரவிக்குட்டிப்பிள்ளை. அநியாயமாகச் செத்தவர்களைச் சாமியாக்கி, வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் செத்த கதையை ஊரைக் கூட்டி வைத்து முழுக்கச் சொல்கிறோம். அதற்காகத்தான் வில். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், நம்ம ஒழுகினசேரிக்காரர், வில்லைக் கோயிலுக்கு வெளியே மேடைக்குக் கொண்டுபோய்ப் புகழ் சேர்த்தார், அதையும் போடு. ஆனால் முதலில் கோயில் முற்றம்.

அப்புறம் உன் தொழில் சம்பந்தமாக ஒன்று. நீ அட்டவணையில் தேடும்போது தமிழ்நாடு, கன்னியாகுமரி என்று மட்டும் தேடாதே. 1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. நம் ஊர் ஓலைகளும் பத்திரங்களும் திருவனந்தபுரத்துக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறதல்லவா, அதன் பழைய கதையிலும் நம் பக்கத்து மண் இருக்கிறது. பாசனுடைய வடமொழி நாடகங்கள் நூற்றாண்டுக்கணக்கில் பேரளவில்தான் தெரிந்திருந்தன. வடமொழி அறிஞர் கணபதி சாஸ்திரி அவற்றின் ஓலையைக் கண்டெடுத்தது, பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் நம்ம மணலிக்கரையில் ஒரு மடத்தில். 1912 முதல் அச்சில் வந்தன. நான் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்பமாட்டார்கள், நாங்க தினமும் பஸ்ஸில் போற மணலிக்கரையா டீச்சர் என்பார்கள். அந்த மடத்தில் யாரோ ஓலையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் கிடைத்தது. இதை உன் கண்காட்சியில் எங்காவது ஒரு மூலையில் சொல்ல முடியுமா பார்.

நிகழ்ச்சி ஒன்றும் வைக்க வேண்டும் என்றாயே. யாரோ பேராசிரியரைக் கூப்பிட்டுப் பேசவைப்பது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்தாதே. இங்கே கொடையில் வில்லு சூடுபிடிப்பது ராத்திரி பத்தரை மணிக்கு. அப்போது உங்களுக்கு மதியம் ஒரு மணி, நான் கணக்குப் பார்த்துவிட்டேன். பங்குனி மூன்றாம் வெள்ளியன்று அத்தான் பாடுவதை நேரலையாக உங்கள் நூலக அரங்கில் திரையில் போடு. கோயில் கமிட்டியிடம் நான் பேசிவிட்டேன், சம்மதம் சொன்னார்கள். ஒரு நிபந்தனை போட்டார்கள், அது என்னுடைய நிபந்தனையும்தான். கதையில் வெட்டுப்படும் இடம் வரும்போது அண்ணாவி வேகத்தைக் கூட்டுவார், குடம் உச்சத்துக்குப் போகும், சாமியாடிக்கு அருள் வரும். அந்த நேரம் கேமரா வில்லை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஆடுகிறவர் முகமும், கும்பிட்டு அழுகிற பெண்களின் முகமும் திரையில் வரக்கூடாது. அவர்கள் தங்கள் வீட்டுத் துக்கத்தைச் சாமியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள், தெரியாதவர்கள் பார்ப்பதற்காக அல்ல. சத்தம் மட்டும் வரட்டும். அரங்கில் இருப்பவர்களுக்கு ஏன் படம் நின்றது என்று நீயே எழுந்து நின்று சொல்.

பாட்டா பாடிய கேசட் இரண்டு கிடைத்திருக்கிறது. ஒன்றில் நாடா பூசணம் பிடித்திருக்கிறது, நான் போட்டுப் பார்க்கவில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று உங்கள் ஆட்களிடம் கேட்டுச் சொல். இன்னொன்று ஓடுகிறது. அவையடக்கம் பாடும்போது நடுவில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் வருகிறது, அது நீதான், ஒன்றரை வயது. அந்தச் சத்தத்தைச் சுத்தம் செய்து எடுத்துவிடாதே.

மாசி கடைசியில் சித்தப்பா மகன் அங்கே வருகிறான். வீசுகோலைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஓலைகளை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். படிவத்தில் பாட்டா பேருக்கு எதிரே 'உரிமையாளர்' என்று போட்டிருக்கிறாய், அதை 'வில்லுப்பாட்டு அண்ணாவி' என்று மாற்றி அனுப்பு. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

குளிர் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அம்மா