டிஸ்டோனியா: எந்தச் சிகிச்சை, யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பகுதியில் டிஸ்டோனியாவுக்கான மூளை அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த நோயைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கியவள் நான், எழுதியவருக்கு நன்றி. ஆனால் மாத்திரை பலிக்காவிட்டால் ஊசி, ஊசியும் பலிக்காவிட்டால் அறுவை, அத்தோடு நோய் தீர்ந்தது என்று படிப்பவர் எண்ணும்படி கட்டுரை முடிகிறது. கழுத்து டிஸ்டோனியாவோடு பல ஆண்டுகளாக வாழும் தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நோய்க்கான சிகிச்சை ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே முடியாது என்பது அவரவர் வயதையும் பிழைப்பையும் வீட்டு நிலைமையையும் பொறுத்தது.

மூளையின் கட்டளை பிசகி, தசைகள் நம்மைக் கேளாமலே முறுக்கிக்கொள்வதுதான் டிஸ்டோனியா. சிலருக்குக் கண்ணிமை மூடிக்கொள்ளும். சிலருக்குப் பேனாவைப் பிடித்தால் மட்டும் விரல் மடங்கும். சிலருக்குக் குரல் நெரிபடும். எனக்குத் தலை இடப்பக்கம் திரும்பிவிடும். கரும்பலகையில் எழுதும்போது அதிகம், தூங்கும்போது அறவே இல்லை. மூளை ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை போடுவதும், சுளுக்கு என்று வழித்துவிடுவதும், மனக்கவலைதான் காரணம் என்று திருப்பி அனுப்புவதும் இன்னும் நடக்கின்றன.

மோவாயில் ஒரு விரலை வைத்தால் என் தலை நேராகிவிடும். அழுத்த வேண்டியதில்லை, தொட்டாலே போதும். இது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். மற்றவர்களோ நான் நடிப்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள். வீட்டுப் பெரியவர்கள், கன்னத்தில் கை வைக்காதே, குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நரம்பியல் மருத்துவரே என் மாமியாருக்குப் பொறுமையாக விளக்கிய பிறகுதான் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. அந்தப் பத்து நிமிட விளக்கத்தையும் சிகிச்சையில் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

எந்தச் சிகிச்சை என்று கேட்பதற்கு முன்னால், நோய் எதனால் வந்தது என்று கேட்க வேண்டும். கட்டுரை இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் சிலருக்குத் திடீரென்று கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும். அந்த மருந்தை நிறுத்தி, அதன் விளைவை முறிக்கும் ஊசி போட்டால் பெரும்பாலும் விரைவில் சரியாகிவிடும். இளம் வயதில் டிஸ்டோனியா வந்தால், உடலில் செம்பு சேரும் வில்சன் நோயா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். காலத்தோடு பிடித்தால் அதை மருந்தால் கட்டுப்படுத்தலாம். விட்டால் ஈரலும் மூளையும் கெடும். இன்னொரு வகை உண்டு. காலையில் நன்றாக நடக்கும் பிள்ளை மாலையானால் காலை இழுத்து நடக்கும். ஜப்பானிய மருத்துவர் செகாவா விவரித்த வகை இது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை குறைந்த அளவிலேயே இந்தப் பிள்ளைகளை ஏறக்குறைய முழுமையாக மீட்டுவிடுகிறது. இது தெரியாமல் பெருமூளை வாதம் என்று முத்திரை குத்தப்பட்டு, சக்கர நாற்காலியில் வளரும் பிள்ளைகள் உண்டு. அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. காரணம் தெரியாத டிஸ்டோனியா உள்ள எந்தக் குழந்தைக்கும் லெவோடோபாவைக் கொடுத்துப் பார்க்காமல் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

இனி என் கதை. தொடக்கத்தில் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை கொடுத்தார்கள். கழுத்து ஓரளவு தளர்ந்தது. வாய் வறண்டது, அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வகுப்பில், சிறு வயதிலிருந்து மனப்பாடமான குறளின் இரண்டாம் அடி நாக்கில் வராமல் நின்றது. மறதி இந்த மருந்தின் பக்க விளைவு, பெரியவர்களிடம் இது கூடுதல் என்று மருத்துவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், அவரும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். குழந்தைகள் இதே மருந்தை எங்களைவிட அதிக அளவில் தாங்குகிறார்கள். அவர்களுக்கு இது நல்ல துணை. அடுத்துக் கொடுத்த குளோனசிபாம் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவந்தது. தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென், குளோனசிபாம் போன்ற மருந்துகளைச் சொந்த முடிவில் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரை கொண்டுபோய்விடும் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னை வகுப்பறையில் நிற்கவைத்திருப்பது போட்டுலினம் ஊசி. கெட்டுப்போன டின் உணவில் உண்டாகும் அதே நஞ்சை மிகச் சிறிய அளவில் முறுக்கும் தசைக்குள் செலுத்துகிறார்கள். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை அது தடுக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணுக்காகத் தொடங்கிவைத்த சிகிச்சை இது. அமெரிக்காவில் கண்ணிமை இழுப்புக்கு 1989-லும் கழுத்து டிஸ்டோனியாவுக்கு 2000-லும் அனுமதி கிடைத்தது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர், 1960-களில் வலக்கை விரல்கள் மடங்கிப்போனதால் பல பத்தாண்டுகள் இடக்கைக்கான இசையையே வாசித்து வந்தார். இந்த ஊசியும் தசைகளைப் பிடித்துவிடும் சிகிச்சையும் சேர்ந்துதான் 1990-களில் அவரை மறுபடியும் இரு கைகளாலும் வாசிக்க வைத்தன.

ஊசி போட்ட அன்றே பலனைத் தேடக் கூடாது. சில நாட்களில் தொடங்கும், சில வாரங்களில் உச்சத்துக்கு வரும், சுமார் 3 மாதம் நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். அரையாண்டுத் தேர்வும் பொதுத்தேர்வுத் திருப்புதலும் நல்ல வாரங்களில் விழும்படி நாள் குறித்துக்கொள்கிறேன். ஒரு முறை மருந்து தொண்டைப் பக்கம் பரவி, விழுங்கச் சிரமப்பட்டுச் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டேன். அடுத்த முறை அளவையும் ஊசி இடத்தையும் மாற்றினார்கள். பலன் இறங்கும் வாரங்களில், சீக்கிரமே அடுத்த ஊசியைப் போடுங்கள் என்று கெஞ்சத் தோன்றும். அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்புப் பொருளை உருவாக்கி ஊசியே பலிக்காமல் போகக்கூடும். 12 வாரம் பொறுக்கச் சொல்வது அதனால்தான். ஒரு நிறுவன மருந்தின் அலகும் வேறு நிறுவன மருந்தின் அலகும் சமமல்ல. எந்த மருந்து, எந்தத் தசையில், எத்தனை அலகு என்று ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரோ ஊரோ மாறினால் அந்தத் தாள் உதவும்.

இப்போது அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். ஊசி போடும் இடத்தில் பழக்கமான ஒரு தாயின் மகனுக்குப் பாதத்தில் தொடங்கிய முறுக்கு உடல் முழுவதும் பரவியது. விஞ்ஞானிகள் 1997-இல் அடையாளம் கண்ட ஒரு மரபணுப் பிழையால் வரும் வகை அது. மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்து, அதற்கு மின்தூண்டல் கொடுக்க நெஞ்சில் தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்கள். பலன் மாதக் கணக்கில் மெல்ல வந்தது. இன்று அவன் நடந்து பள்ளிக்குப் போகிறான். அவனைப் போன்ற பிள்ளைக்கு, மூட்டுகள் இறுகிப்போகும்வரை தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஆனால் மூளைக் காயத்தாலோ மூச்சுத்திணறிப் பிறந்ததாலோ டிஸ்டோனியா வந்தவர்களுக்கு இதே அறுவை பெரும்பாலும் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. கட்டுரையைப் படித்து வீட்டை அடகு வைக்கப்போகும் பெற்றோருக்கு இதை யார் சொல்வது?

என்னிடமும் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார்கள். கிருமித்தொற்று, இரத்தக்கசிவு ஆகிய அபாயங்களை விளக்கிய மருத்துவர், சிலருக்குப் பேச்சு குழறலாம், மின்தூண்டலின் அளவை மாற்றிச் சரிப்படுத்தப் பார்ப்போம் என்று நேர்மையாகச் சொன்னார். குரல்தான் என் தொழில். ஊசியும் எனக்குப் பலிக்கிறது. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஊசி பலிக்காத நிலை வந்தால் மறுபடியும் யோசிப்பேன். பல லட்சம் ரூபாய்ச் செலவு, பேட்டரி தீர்ந்தால் மாற்றும் செலவு, அளவைத் திருத்தப் பலமுறை தொலைவிலுள்ள நகரத்துக்குப் போக வேண்டிய அலைச்சல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் யாரும் முடிவு செய்ய முடியும்.

எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பதால் வலி தணிகிறது, நானும் செய்கிறேன். இயன்முறைப் பயிற்சியும் ஊசியின் பலனைக் கூட்டுகிறது. ஆனால் சலூனில் கழுத்தைச் சொடுக்கி முறிப்பதை மட்டும் யாரும் அனுமதிக்காதீர்கள். கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நாள்பட்ட நரம்பியல் நோய்களுக்கு எடுத்துக்காட்டாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் பார்க்கின்சனையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. டிஸ்டோனியாவின் பெயர் அதில் இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஊசி வேலை செய்யும் வாரத்தில் எங்களைப் பார்க்கும் மருத்துவக் குழுவுக்கு எங்களிடம் குறையே தெரியாது. பலன் இறங்கிய வாரத்தில் பார்த்தால்தான் தெரியும். சான்றிதழுக்கான மதிப்பீட்டில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொள்ள அரசு வழி செய்ய வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது; கூலி வேலைக்குப் போகிறவர் இதை ஆண்டு முழுவதும் எப்படித் தாங்குவார்? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே குறித்த நாளில் இந்த ஊசி இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தெந்த அரசு மருத்துவமனைகளில், எந்தக் கிழமையில் போட்டுலினம் ஊசி போடுகிறார்கள் என்று தங்கள் நிருபர்கள் மூலம் விசாரித்து, மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். கட்டுரையைப் படித்தவர்கள் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார்கள். அந்தப் பட்டியல் வந்தால் எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
கோவில்பட்டி.