8கே டிவிக்கு அனுப்ப இணையத்திடம் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிய திரைத் தொழில்நுட்பங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இனி வரும் காலம் 8கே டிவியின் காலம் என்று முடிந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. 4கே திரையில் குறுக்கே 3,840 பிக்சல்கள், அதாவது படப் புள்ளிகள், இருப்பதால், ஒரு பிக்சலின் அளவு 0.32 மி.மீ. குறையில்லாத கண் பிரித்தறியும் கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அதன்படி 4கே பிக்சல்களைத் தனித்தனியே காண 1.1 மீட்டருக்குள் உட்கார வேண்டும். குறுக்கே அதைப்போல் இரு மடங்கு பிக்சல்கள் கொண்ட 8கே என்றால் அரை மீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து யார் டிவி பார்க்கிறார்கள்?

அதைவிடப் பெரிய சிக்கல் இணையத்தில் இருக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம், 10 பிட் நிறம் கொண்ட 4கே படத்தில், நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்த பிறகும் நொடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் தரவு மிஞ்சும். நெட்ஃப்ளிக்ஸ் 4கே பார்க்கப் பரிந்துரைக்கும் இணைய வேகமோ நொடிக்கு 15 மெகாபிட் (ஆயிரம் மெகாபிட் ஒரு கிகாபிட்). 3 கிகாபிட் அதற்குள் அடங்க, 200-ல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். அப்போது முதலில் அடிபடுவது இருட்டுக் காட்சி, புகை, மூடுபனி, அந்திவானம். மெல்ல மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகத் தெரியும். எல்சிடியில் பேக்லைட்டின், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் பின்னொளியின், மங்கிய வெளிச்சம் இதை ஓரளவு மறைத்துவிடும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து அணையும் ஓஎல்இடியின் சுத்தமான கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும். நல்ல திரை வாங்கியவர்தான் இந்தக் குறையை அதிகம் பார்க்கிறார்!

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி இணையத்தில் இருப்போர் 550 கோடி, இன்னும் வராதவர்கள் 260 கோடி. வருபவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது கைபேசி. அந்தச் சிறு திரைக்கு முழு எச்டியே தாராளம். ஆகவே வீடியோ தளங்களின் அக்கறை பிக்சலைக் கூட்டுவதைவிடத் தரவைக் குறைப்பதில்தான் இருக்கும். 2018-ல் வெளியான ஏவி1 கோடெக் (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறை) அதற்காகவே வந்தது. டிவியின் சிப்பில் ஏவி1 வசதி இல்லையென்றால் தளம் பழைய கோடெக்கில்தான் படத்தை அனுப்பும். அதே வேகத்தில் தரம் குறையும். சோதிப்பது எளிது. கணினியில் யூடியூப் வீடியோ மீது வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால், உண்மையில் வரும் ரெசல்யூஷனும் கோடெக்கும் தெரியும். டிவி செயலியிலும் இந்த வசதி உண்டு.

நுண்ணிய எல்இடி விளக்குகளையே பிக்சல்களாகக் கொண்ட மைக்ரோ எல்இடி பற்றிக் கட்டுரை காட்டிய உற்சாகமும் அவசரமானது. ஒரு 4கே திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் சேர்த்து 2,48,83,200 நுண் விளக்குகளை இடம் மாறாமல் பதிக்க வேண்டும். 99.99 சதவீதம் சரியாக அமைந்தாலும் 2,488 விளக்குகள் பழுது. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும். போதாக்குறைக்கு, அளவு சிறுத்தால் சிவப்பு விளக்கின் திறன் வெகுவாக விழுகிறது.

பெயர் ஒத்திருப்பதால் பலர் இதோடு குழப்பிக்கொள்ளும் மினி எல்இடி, பின்னொளி மேம்பட்ட எல்சிடிதான். பின்னொளியில் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடிய 1,000 மண்டலங்கள் இருந்தாலும், 4கே திரையில் ஒரு மண்டலத்தின் கீழ் 8,000-க்கு மேல் பிக்சல்கள் வரும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் ஓடும்போது எழுத்தைச் சுற்றிப் புகை போல ஒளி கசிவது இதனால்தான். தங்கள் டிவி மதிப்புரைகளில் பிக்சல் கணக்கோடு மண்டல எண்ணிக்கையையும் ஏவி1 வசதியையும் போட்டால் வாசகருக்கு உதவும்.

ஓஎல்இடி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. செய்திச் சேனலின் லோகோவும் அடியில் ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் நாள் முழுக்க நின்றால், அங்குள்ள பிக்சல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். நீலம் இன்னும் வேகமாக. இந்த ஏற்றத்தாழ்வை அளந்து மின்னோட்டத்தைத் திருத்தும் வேலையை டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் தானாகச் செய்கிறது. பார்த்து முடித்த கையோடு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தத் திருத்தம் நடக்காது. ரிமோட்டில் அணைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்